கோபம் புத்தியை விட்டுப் போய்விட்டது, தாடையை விட்டுப் போகவில்லை: உடல்வழிப் பயிற்சிகள் உதவுமா?

கூழாங்கல்

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட வேலை பார்க்கும் ஒருவர், நான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த வேலையைத் தன்னுடையது போல எல்லார் முன்னாலும் எடுத்து வைத்தார். நான் வாயைத் திறந்ததும், "எல்லாரும் சேர்ந்து செய்ததுதானே" என்று சிரித்தார். சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அது நடந்து வெகு நாளாகிவிட்டது. இப்போது அவரும் நானும் சகஜமாகத்தான் பேசிக்கொள்கிறோம்.

ஆனால் கைபேசித் திரையில் அவர் பெயர் வந்தால் போதும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டிக்கொள்கின்றன. வலது தோள் காதுப் பக்கம் ஏறுகிறது. தொப்புளுக்கு மேலே, விலா முடிகிற இடத்தில், கைமுட்டி அளவுக்கு ஓர் இடம் கல்லாக இறுகுகிறது. அவர் கேட்டிருப்பதோ ஏதோ ஒரு கோப்பு எங்கே இருக்கிறது என்று.

ஆலோசகர் ஒருவரிடம் பேசிப் பார்த்தேன். உதவியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏன் கோபம், எங்கிருந்து வந்தது, சின்ன வயதில் எதோடு தொடர்பு, எல்லாம் விளங்கியது. இன்றைக்கு என் கோபத்தைப் பற்றி ஒரு மணி நேரம் சொற்பொழிவே ஆற்றுவேன். தாடைதான் கேட்க மாட்டேன் என்கிறது.

இணையத்தில் தேடினால், "உணர்வுகள் உடம்பில் தேங்கிக் கிடக்கின்றன, வெளியேற்றுங்கள்" என்கிறார்கள். தலையணையைக் குத்தச் சொன்னார்கள், குத்தினேன். கை வலித்தது, கோபம் ஏறித்தான் போனது. மூச்சு, நடுக்கம், தசை தளர்த்துவது என்று வேறு என்னென்னவோ சொல்கிறார்கள். இதில் எது நிஜம், எது கதை? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். "நல்லதையே நினையுங்கள்" என்று மட்டும் யாரும் வந்துவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

சந்தேகப்பிராணி

முதலில் அந்தத் "தேங்கிக் கிடக்கிறது" கதையைக் கழித்துக்கட்டுவோம். உடம்பு தண்ணீர்த் தொட்டி இல்லை, கோபம் அடியில் தங்கும் வண்டலும் இல்லை, குழாயைத் திறந்து விட. இடுப்புத் தசையில் துக்கம் இருக்கிறது, தோளில் பொறுப்பு இருக்கிறது என்றெல்லாம் படம் போட்டு விற்கிறார்கள். எந்தத் தசையை எந்த நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் துக்கம் தெரியப் போவதில்லை.

தலையணை விஷயத்தில் உங்களுக்கு நடந்ததுதான் ஆய்விலும் நடந்தது. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-ல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களை வேண்டுமென்றே கோபப்படுத்தினார். ஒரு குழு, கோபப்படுத்தியவனை மனதில் நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியது. இன்னொரு குழு உடற்பயிற்சி என்று நினைத்துக் குத்தியது. மூன்றாவது குழு சும்மா உட்கார்ந்திருந்தது. ஆளை நினைத்துக் குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகம். பதிலடி கொடுக்கும் வேகம் மிகக் குறைவாக இருந்தது சும்மா உட்கார்ந்தவர்களுக்கு.

அப்புறம் 2024-ல் அவரும் சோஃபி கேர்விக்கும் 154 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். உடம்பின் கிளர்ச்சியை இறக்கும் வேலைகள் (மெதுவான மூச்சு, தசை தளர்த்தல், தியானம், யோகா) கோபத்தைக் குறைத்தன. கிளர்ச்சியை ஏற்றும் வேலைகளால் மொத்தத்தில் பயனில்லை, மெதுவோட்டம் கோபத்தைக் கூட்டவே செய்தது. ஓடுவது இதயத்துக்கு நல்லது, அது வேறு கணக்கு.

ஆக, "வெளியேற்று" கட்சி தோற்றுவிட்டது. "இறக்கு" கட்சிக்கு ஆதாரம் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ராப்பறவை

சந்தேகப்பிராணி சொன்ன "தசை தளர்த்தல்" பற்றி மட்டும் எழுதுகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் உருவாக்கியது, 1929-ல் புத்தகமாகவே வந்துவிட்டது. இன்றைக்கு நாம் செய்வது அதன் சுருக்கம். அவர் ஒரே ஒரு தசைக்கூட்டத்துக்கே நாள்கணக்கில் பயிற்சி கொடுப்பாராம்.

கூழாங்கல், உங்களுக்குத் தாடைதானே பிரச்சினை. தாடையிலிருந்து தொடங்காதீர்கள். கையிலிருந்து தொடங்குங்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வலது கையை மடியில் வைத்து விரல்களைக் கைமுட்டியாக மடக்குங்கள். முழு பலம் வேண்டாம், முக்கால் பலம் போதும். ஐந்தாறு நொடி. எங்கே இறுகுகிறது என்று கவனியுங்கள்: விரல் முட்டுகளிலா, மணிக்கட்டிலா, முழங்கை வரை போகிறதா. பிறகு சட்டென்று விடுங்கள். மெல்ல மெல்ல அவிழ்க்கக் கூடாது, ஒரே விடு. அப்புறம் அரை நிமிடம் எதுவும் செய்ய வேண்டாம். விரல் நுனியில் லேசான சூடு, ஒரு குறுகுறுப்பு, கை கனத்துப் போன மாதிரி ஓர் உணர்வு வரும். சரக்கே அந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது. நிறையப் பேர் இறுக்குவதைக் கர்மசிரத்தையாகச் செய்துவிட்டு, விட்டதும் அடுத்த தசைக்குத் தாவிவிடுவார்கள்.

இடது கை, புயம், தோள் (காது வரை தூக்கி, பொத்தென்று விட வேண்டும்), நெற்றி, கண், அதற்கப்புறம் தாடை. தாடைக்குப் பல்லை நறநறவென்று கடிக்க வேண்டாம், பல் பாழாகிவிடும். உதடு மூடியிருக்கட்டும், பற்கள் லேசாகத் தொடட்டும். அந்த அளவு அழுத்தம் போதும். விட்டதும் நாக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சிலருக்கு அது மேலண்ணத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். அதைக் கீழே படுக்க விட்டால் தாடை தானாக இறங்கும்.

இதன் பயன் ஓய்வு மட்டும் இல்லை. தோள் ஏறியிருக்கிறது என்பதே நமக்குத் தெரியாமல்தான் பாதி நாள் ஓடுகிறது. இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசம் உடம்புக்குப் பழகிவிட்டால், தோள் ஏற ஆரம்பிக்கும்போதே பிடித்துவிடலாம்.

தாழ்வாரம்

நான் ஆலோசனைத் துறையில் இருக்கிறேன், உடல்சார்ந்த முறைகளில் பயிற்சி உண்டு. அதனால் நான் நடுநிலையாளன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சந்தேகப்பிராணியோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். தசைக்குள் துக்கம் இல்லை. ஆனால் கூழாங்கல்லின் தாடை இறுகுவது நிஜம். அது எங்கிருந்து வருகிறது? பழகிப்போன ஆயத்த நிலையிலிருந்து. அன்றைக்கு எல்லாரும் சிரித்தபோது, திருப்பிச் சொல்ல ஒரு வார்த்தை நாக்கு வரை வந்திருக்கும், தாடை அதைப் பூட்டியது. மூளை அதைப் பாடமாக எடுத்துக்கொண்டது: இந்தப் பெயர், இந்த ஆபத்து, இந்தப் பூட்டு. இப்போது பெயர் தெரிந்ததும், நீங்கள் யோசிக்கும் முன்பே பூட்டு விழுகிறது. யோசனை அப்புறம் வந்து விளக்கம் எழுதுகிறது. சொற்பொழிவு தாடையை எட்டாததற்குக் காரணம் இதுதான்.

உடம்பு முன்னால் போகிறது, உணர்ச்சி பின்னால் வருகிறது என்று அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884-லேயே வாதிட்டார். அப்படியே முழுதாக ஏற்க முடியாது, ஆனால் உடம்பு வெறும் வேலைக்காரன் இல்லை என்பது உண்மை. வேகஸ் நரம்பு என்று ஒன்று, மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை போகிறது. அதன் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உடம்பிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. மேலிருந்து கீழே வரும் உத்தரவைவிடக் கீழிருந்து மேலே போகும் தகவல் அதிகம்.

உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது இல்லை என் வேலை. அந்த ஆயத்த நிலை எழும்போது, அதோடு மல்லுக்கு நிற்காமல், அதிலேயே மூழ்கியும் போகாமல், பக்கத்தில் இருந்து பார்க்கப் பழகுவது. இதைச் சொல்வது சுலபம், செய்வது எப்படி என்று எழுதுகிறேன்.

பெரிய காயத்தை எடுக்காதீர்கள். சின்ன எரிச்சல் ஒன்றை எடுங்கள், உதாரணமாக அந்தக் கோப்பு கேட்ட செய்தி. உட்கார்ந்து அதை நினையுங்கள். உடம்பில் எந்த இடம் முதலில் பதில் சொல்கிறது? உங்கள் விஷயத்தில் விலாவுக்குக் கீழே. அங்கே கவனத்தை வைத்து, ஒரு மருத்துவர் கேட்பது போலக் கேளுங்கள். எவ்வளவு அகலம்? ஓரம் கூர்மையா, மங்கலா? சூடா, குளிரா? மூச்சை இழுக்கும்போது மாறுகிறதா? "ஏன்" என்ற கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். "ஏன்" கேட்டால் மனம் உடனே வழக்கறிஞர் அங்கி மாட்டிக்கொண்டு வாதாட வந்துவிடும்.

பிறகு அந்த இறுக்கத்தைக் குறைக்க முயலாமல், அது இருக்கிறபடி இருக்க விடுங்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். "சரி, பார்த்துவிட்டேன், இப்போது போ" என்று உள்ளுக்குள் ஒரு தள்ளு தள்ளுவார்கள். அந்தத் தள்ளே ஓர் இறுக்கம்தான். உண்மையிலேயே இருக்க விட்டால் ஒன்று அது மாறும், அல்லது இடம் நகரும், அல்லது அப்படியே இருக்கும். மூன்றும் சரி. நிமிடக்கணக்கில் போராட வேண்டாம், கொஞ்ச நேரம் போதும். பிறகு கண்ணைத் திறந்து எழுந்துவிடுங்கள்.

யூஜீன் ஜெண்ட்லின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிகிச்சை உரையாடல்களின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது கவனித்தது இதைத்தான். குணமானவர்கள் சரளமாகப் பேசியவர்கள் இல்லை. நடுவில் தயங்கி, "அது... எப்படிச் சொல்வது... இங்கே ஏதோ ஒன்று..." என்று நெஞ்சுப்பக்கம் கையை வைத்துத் தடுமாறியவர்கள். கூழாங்கல், உங்கள் சொற்பொழிவு சரளமாக இருக்கிறது என்பதே எனக்கு ஒரு தகவல்.

மூன்றாம்பிறை

மன்னிக்கவும், இதை எல்லாருக்கும் பரிந்துரைக்காதீர்கள்.

என் பழைய கதையை இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு நடந்தது ஒரு சந்திப்பு அறைச் சிரிப்பு இல்லை, அது போதும். தியான வகுப்பு ஒன்றில் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, கால் விரலிலிருந்து உச்சந்தலை வரை கவனத்தை நகர்த்தச் சொன்னார்கள். அடிவயிற்றுக்கு வந்தபோது மூச்சு முட்டியது. காது அடைத்துவிட்டது. ஆசிரியர் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. "அதோடு இருங்கள், அதை வரவேற்றுக்கொள்ளுங்கள்" என்றார். வரவேற்றேன். மிச்ச நாள் முழுக்க நான் என் உடம்புக்குள்ளேயே இல்லை. கையைப் பார்த்தால் யாரோ ஒருவருடைய கை.

உடம்பு சிலருக்குப் பாதுகாப்பான இடம் இல்லை. அங்கே போ, அங்கே போ என்று தள்ளுவதும் ஒரு வன்முறைதான்.

தாழ்வாரம்

மூன்றாம்பிறை, இதைச் சொன்னதற்கு நன்றி. நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய எச்சரிக்கை இது, நீங்கள் எழுதியதுதான் கூர்மையாக இருக்கிறது.

தளர்வுப் பயிற்சியே சிலருக்குப் பதற்றத்தைக் கிளப்பும் என்பது 1980களிலேயே ஆய்வுகளில் வந்துவிட்டது. உடல் முழுக்கக் கவனத்தை நகர்த்தும் பயிற்சி, ஜான் கபட்-ஜின் 1979-ல் மாசசூசெட்ஸில் தொடங்கிய 8 வாரத் திட்டத்தின் வழியாகப் பரவியது. நல்ல பயிற்சி. ஆனால் நீண்ட நேரம், கண்மூடி, படுத்த நிலையில், என்ன நடந்தாலும் தொடர் என்பது கடுமையான அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களுக்குப் பொருந்தாத சேர்க்கை. காது அடைப்பது, குரல் தூரமாவது, கை அந்நியமாவது எல்லாம் நிறுத்து என்பதற்கான அடையாளங்கள். அந்த நேரத்தில் "அதோடு இரு" என்று சொன்னது தவறான வழிகாட்டல்.

அதிர்ச்சிக்கு உடல்வழிச் சிகிச்சை உருவாக்கிய பீட்டர் லெவினின் முறையில் இரண்டு விதிகள் உண்டு, அவருடைய மற்றக் கோட்பாடுகளை ஏற்காதவர்கள்கூட எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, வலியைத் தொடுவது சிட்டிகை அளவு மட்டும். இரண்டு, வலிக்கிற இடத்துக்கும் வலிக்காத இடத்துக்கும் மாறி மாறிப் போய் வருவது. வலிக்காத இடம் அழகாக இருக்க வேண்டியதில்லை. இடது முழங்கை, காது மடல், கால் கட்டைவிரல், எதையும் உணராத ஏதோ ஓர் இடம் போதும். அங்கே முதலில் காலூன்றிவிட்டு, இங்கே எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி அங்கே.

மூன்றாம்பிறை

எனக்கு உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் உதவியது. கண் திறந்தே இருக்கும். கழுத்தை மெதுவாகத் திருப்பி அறையைப் பார்ப்பேன். சும்மா பார்வையை ஓட்டுவது இல்லை. கதவு எங்கே, ஜன்னல் எங்கே, சுவரும் கூரையும் சேரும் மூலை எங்கே என்று தேடிப் பார்ப்பது. பின்னால் திரும்பியும் பார்ப்பேன், அது முக்கியம், முதுகுப்பக்கம்தான் பயம் உட்கார்ந்திருக்கும். பிறகு பாதம். குதிகாலைத் தரையில் அழுத்தி, விட்டு, அழுத்தி. இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்து, சுவரையே நகர்த்தப் போகிற மாதிரித் தள்ளுவேன். அந்தத் தள்ளலில் ஒரு "முடியாது" இருக்கிறது. அப்போது சொல்ல முடியாத "முடியாது". இதை ஒரு நல்ல சிகிச்சையாளரோடு சேர்ந்துதான் கண்டுபிடித்தேன், தனியாக இல்லை.

கல்தச்சன்

நடுக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? மான் புலியிடமிருந்து தப்பியதும் உடம்பை உதறி நடுங்கிவிட்டு மேயப் போய்விடும், அதனால்தான் அதற்கு மன அழுத்தமே இல்லை. நாம்தான் நடுக்கத்தை அடக்கி அடக்கிக் கெட்டுப்போகிறோம். டேவிட் பெர்செலி உருவாக்கிய முறை இருக்கிறது. தொடைத் தசைகளைக் களைக்க வைத்து, மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி விரித்தால் தானாக நடுக்கம் வரும். அதை வர விட வேண்டும். எனக்கு அதற்குப் பிறகு அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம் வரும்.

சந்தேகப்பிராணி

அந்த மான் எல்லா மேடையிலும் வந்துவிடுகிறது. மானிடம் யார் போய் மன அழுத்தம் இருக்கிறதா என்று கேட்டார்கள்? அடிக்கடி துரத்தப்படும் விலங்குகளுக்கும் அழுத்த ஹார்மோன்கள் ஏறத்தான் செய்கின்றன.

நடுக்கம் வருவதற்குக் காரணம் எளிது. அட்ரினலின் ஏறினால் தசை நடுங்கும், களைத்த தசையும் நடுங்கும். தொடையைக் களைக்க வைத்தால் தொடை நடுங்காமல் என்ன செய்யும்? அது நின்றதும் ஓய்வாக இருக்கும், தூக்கம் வரும். நல்லது, செய்யுங்கள். ஆனால் "உள்ளே மாட்டியிருந்த அதிர்ச்சி வெளியேறியது" என்று சொல்லும் அளவுக்கு அதற்கு வலுவான ஆய்வுகள் இல்லை. வேகஸ் நரம்பை வைத்து ஸ்டீபன் போர்ஜஸ் 1990களில் கட்டிய கோட்பாடும் அப்படித்தான். சிகிச்சையாளர்களிடையே கொடி கட்டிப் பறக்கிறது, உடலியங்கியல்காரர்கள் பலர் அதன் அடித்தளத்தையே மறுக்கிறார்கள். வேகஸ் நரம்பு நிஜம். அதன் பெயரைச் சொல்லி விற்பதெல்லாம் நிஜம் இல்லை.

ஆதாரம் உள்ளதைச் சொல்கிறேன், அது மூச்சு. உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளிவிடும்போது குறையும். அதனால் வெளிமூச்சு நீண்டால் உடம்பு இறங்கும். ஸ்டான்ஃபோர்டில் செய்து 2023-ல் வெளியான ஆய்வு ஒன்றில், தினம் 5 நிமிடம், ஒரு மாதம், மூன்று வகை மூச்சுப் பயிற்சிகளையும் ஒரு தியானத்தையும் ஒப்பிட்டார்கள். ஒன்று பெருமூச்சு முறை: மூக்கால் இழு, நிரம்பியதும் மேலே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாயால் நீளமாக விடு. மனநிலை உற்சாகமாவதில் அந்தக் குழு முந்தியது. ஆனால் பதற்றம் குறைந்ததில் எல்லாக் குழுக்களும் ஏறக்குறைய ஒன்றுதான். தியானத்தை அடித்து வீழ்த்திவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது வரியை விட்டுவிடுவார்கள்.

கல்தச்சன்

எனக்குத் தூக்கம் வருகிறது. ஆதாரத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கூழாங்கல்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. கல்தச்சன், தூக்கமும் ஆதாரம்தான்.

தாழ்வாரம் சொன்னதைச் செய்து பார்த்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றும் இல்லை. வயிறு வயிறாகவே இருந்தது. பிறகு அவர் சிரித்தபோது தலையைப் பின்னால் சாய்த்தது ஞாபகம் வந்தது. உடனே அந்தக் கல். அகலம் என்னவென்று பார்த்தேன்: மேலே அகலம், கீழே குறுகல். கூர்மையான ஓரம் இல்லை. சூடாக இருக்கும் என்று நினைத்தேன், கோபம் இல்லையா, ஆனால் குளிர்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது மூச்சு அதற்கு மேலேயே நின்றுவிடுவது தெரிந்தது. கீழே இறங்கவே இல்லை. நான் எதுவும் செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் சொல்லாமல், ஒரு பெரிய மூச்சு இறங்கியது. வயிற்றில் களுக்கென்று ஒரு சத்தம். அப்புறம் முகம் சுட்டது, காது மடல் வரைக்கும்.

அந்தச் சூடு கோபம் இல்லை. வெட்கம். எல்லார் முன்னாலும் சின்னப் பிள்ளையைப் போல நின்றேனே என்கிற வெட்கம். இத்தனை காலம் கோபம், கோபம் என்று நான் பேசிக்கொண்டிருந்ததற்கு அடியில் இது இருந்திருக்கிறது. ஆலோசகரோடு பேசியபோது ஒருமுறைகூட இந்த வார்த்தை என் வாயில் வரவில்லை.

இரண்டு கேள்விகள். இந்த இறுக்கம் போய்விட்டால் அவர் செய்தது சரி என்று ஆகிவிடாதா? நான் இதை விட்டுவிட்டால் கணக்கு அவருக்குச் சாதகமாக முடிந்துவிடும் போல உள்ளுக்குள் ஓர் அடம் இருக்கிறது. அடுத்தது, ஓர் உணர்ச்சி 90 நொடிதான் உடம்பில் இருக்கும், அதற்கு மேல் இருந்தால் நாம்தான் பிடித்து வைத்திருக்கிறோம் என்கிறார்களே, உண்மையா?

சந்தேகப்பிராணி

90 நொடிக்கு மட்டும் நான். ஜில் போல்ட் டெய்லர் என்ற நரம்பியல் அறிஞர் பரப்பிய கணக்கு அது. ரத்தத்தில் அட்ரினலின் சில நிமிடங்களில் குறையும், உண்மை. ஆனால் கார்டிசால் என்ற இன்னொரு அழுத்த ஹார்மோன் உச்சத்துக்கு வரவே 20, 30 நிமிடம் ஆகும், அது பாதியாகக் குறைய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். நடுவில் ஒரே ஒரு நினைவு வந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆகவே 91-வது நொடியிலும் கோபமாக இருந்தால் அது உங்கள் குற்றம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்களுக்கு நடந்ததில் "வெட்கம்" என்ற சரியான பெயர் கிடைத்ததும் ஏதோ இளகியது பாருங்கள், அதற்கு ஓரளவு ஆதாரம் உண்டு. மாத்யூ லீபர்மன் குழு 2007-ல் வெளியிட்டது: கோபமான, பயந்த முகங்களைப் பார்க்கும்போது அந்த உணர்ச்சிக்குப் பெயர் சூட்டியவர்களின் மூளையில், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்தது. உடம்புக் கட்சியும் பேச்சுக் கட்சியும் அடித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான்.

தாழ்வாரம்

உங்கள் முதல் கேள்வி பெரிய கேள்வி.

இறுக்கம் தளர்வது உங்கள் உடம்பின் விவகாரம். அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு வழக்கு, அது அப்படியே நிலுவையில் இருக்கும். தாடை இறுகியிருப்பதால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, பல் உங்களுடையது. ஆனால் உங்கள் அடத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். ஏதோ ஒன்று சொல்லப்படாமல் நிற்கிறது என்று அது சொல்கிறது. கோபத்துக்கு ஒரு வேலை இருக்கிறது, எல்லை மீறப்பட்டது என்று தெரிவிப்பது. அந்த வேலை முடியாமல் அதை வெறுமனே தளர்த்திப் போட்டால் திரும்பத் திரும்ப வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இந்தத் துறையில் இருப்பவர்கள் சொல்லத் தயங்குவது. அநியாயம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்றால் மூச்சுப் பயிற்சி தீர்வு இல்லை. வீட்டில் அடி வாங்குகிறவருக்கும் வேலையிடத்தில் தினமும் அவமானப்படுகிறவருக்கும் "தோளைத் தளர்த்துங்கள்" என்று கற்றுக்கொடுப்பது, தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொடுப்பதாக முடிந்துவிடும். நிறுவனங்களுக்கு இது ரொம்ப வசதி. வேலைச் சுமையைக் குறைப்பதைவிடத் தியான வகுப்பு மலிவு. உங்கள் விஷயத்தில் அவர் இன்னும் உங்கள் வேலையை எடுத்துக்கொள்கிறாரா?

ஒற்றையடிப்பாதை

நீண்ட நாளாக இந்தப் பக்கம் படிக்க மட்டும் வருவேன். எழுத வைத்துவிட்டீர்கள்.

என் துணையை இழந்தேன். எல்லாரும் விட்டுவிடு, விட்டுவிடு என்கிறார்கள். அழுது தீர்த்துவிடு, நடந்து தீர்த்துவிடு, மூச்சு விட்டுத் தீர்த்துவிடு. எனக்குத் தீர்க்க வேண்டாம். நெஞ்சில் இருக்கிற கனம் எனக்கும் அந்த மனிதருக்கும் நடுவில் மிச்சமிருக்கிற ஒன்று. அதை ஏன் நான் கரைக்க வேண்டும்? இந்த இழையில் எல்லாருமே வலி என்றால் போக வேண்டியது என்று வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கிறது.

மூன்றாம்பிறை

கரைக்க வேண்டாம். உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாழ்வாரம்

ஒற்றையடிப்பாதை, நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. துக்கம் நோய் இல்லை. உடல்வழிப் பயிற்சியால் உங்களுக்கு ஏதாவது பயன் உண்டென்றால், அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டே நடக்கும் அளவுக்குக் கால்களுக்குத் தெம்பு தருவதுதான்.

அழுகை பற்றி ஒரு செய்தி, யாராவது "அழுதால் லேசாகிவிடும்" என்று நெருக்கினால் சொல்லுங்கள். நெதர்லாந்து ஆய்வாளர் ஆட் விங்கர்ஹூட்ஸும் சக ஆய்வாளர்களும் சோகப்படம் காட்டிப் பார்த்தார்கள். அழுதவர்களின் மனநிலை படம் முடிந்ததும் முன்பைவிடக் கீழே போனது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிடம் கழித்துத்தான் படம் பார்ப்பதற்கு முன்பு இருந்ததைவிட நன்றாக இருந்தது. அழுது முடித்த கையோடு லேசாகவில்லை என்றால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று அர்த்தம் இல்லை.

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது, குறுக்கிட மனமில்லை. ஆனால் சில தனிமடல்கள் வந்திருப்பதால் சொல்கிறேன்.

நெஞ்சு இறுக்கம் கை, கழுத்து, தாடைப் பக்கம் பரவினாலோ, கூடவே வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தாலோ அதை உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்து கவனிக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பனிக்கட்டித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்துவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நெற்றியும் கண்ணைச் சுற்றிய பகுதியும் குளிர்ந்தால் இதயத் துடிப்பு இறங்குவது உண்மைதான். அதே காரணத்தால் இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறவர்கள் இங்கே யோசனை கேட்டுக் காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லுங்கள், உங்கள் நாட்டின் உதவி எண்ணை அழையுங்கள்.

கூழாங்கல்

தாழ்வாரம், நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: ஆமாம். பெரிதாக இல்லை, சின்னச் சின்னதாக. போன வாரம் அனுப்பிய அறிக்கையில்கூட என் பெயர் கடைசிப் பக்க அடிக்குறிப்பில் இருந்தது. நான் சகஜமாகிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், தாடை மட்டும் கணக்கு வைத்திருக்கிறது.

அவருக்கு ஒரு மடல் எழுதி வைத்திருக்கிறேன். நீளமில்லை. எந்தப் பகுதிகள் நான் செய்தவை, அடுத்த அறிக்கையில் பெயர் எங்கே வர வேண்டும், அவ்வளவுதான். எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் தோள் ஏறியது. ஏறும்போதெல்லாம் நிறுத்தி, ராப்பறவை சொன்ன மாதிரி தூக்கிப் பொத்தென்று விட்டுவிட்டு, அடுத்த வரி. "தங்கள் மேலான கவனத்துக்கு" என்று இருந்ததையெல்லாம் அடித்துவிட்டேன். நாளைக் காலை அனுப்புகிறேன்.

ராப்பறவைக்கு ஒரு கேள்வி. பகலில் தாடையைப் பிடித்துவிடுகிறேன், இரவில் என்ன செய்வது? காலையில் எழுந்தால் பொட்டுப் பக்கம் வலிக்கிறது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ராப்பறவை

அதற்கு முதலில் பல் மருத்துவரைப் பாருங்கள். பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் இரவில் மாட்டிக்கொள்ளும் உறை செய்து கொடுப்பார்கள். அது கடிப்பதை நிறுத்தாது, பல்லைக் காப்பாற்றும். குறட்டையும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறவர்களிடமும் பல் கடிப்பது காணப்படுவதுண்டு. படுக்கும் முன் கன்னத்து எலும்புக்குக் கீழே, பல்லைக் கடித்தால் புடைக்கிற தசையில், இரண்டு விரலை வைத்து மெதுவாக வட்டமாகத் தேயுங்கள். வாய் லேசாகத் திறந்திருக்கட்டும், நாக்கு கீழே.

மடலுக்கு அவர் என்ன பதில் போட்டார் என்று வந்து எழுதுங்கள்.